பிரீதர் வழியாக ஆயில் கக்கும் பைக்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

பிரீதர் என்பது இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் மூச்சுத்துவாரம். எந்த மோட்டார் சைக்கிள் இன்ஜினாக இருந்தாலும் அதன் வழியாக லேசான ஆயில் ஆவி வரத்தான் செய்யும். 350 சிசி ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் கிராங்க்கேஸுக்குள் (இன்ஜினின் அடிப்பகுதிக் கூடு) அந்த 350 சிசி இடம் குறைகிறது. அந்தக் காற்று வெளியேறியாக வேண்டும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி நழுவிவரும் வாயுவும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே ஆவி வருகிறதே என்று பதற வேண்டாம். எவ்வளவு வருகிறது, எப்போதிலிருந்து வருகிறது, எந்த வேலை பார்த்த பிறகு ஆரம்பித்தது என்பதுதான் கேள்வி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பிரீதர் குழாயை அடைக்காதீர்கள், சிறிய குழாய் போட்டு நெரிக்காதீர்கள். உள்ளே ஏறும் அழுத்தம் ஏதாவது ஒரு ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அதேபோல், ஆயில் கக்குகிறது என்றவுடன் ரீபோர் வேலையை (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) நினைக்காதீர்கள். கீழே உள்ள மூன்று சோதனைகளிலேயே பாதிப் பிரச்சினை பிடிபட்டுவிடும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

ஆயில் லெவல். சமதரையில் பைக்கை நேராக நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்ட் இல்லையென்றால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். டிப்ஸ்டிக் உள்ள வண்டிகளில் மரையை முறுக்கிப் பார்ப்பதா, சும்மா செருகிப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். மேனுவலில் எப்படி இருக்கிறதோ அப்படியே செய்யுங்கள். தப்பாகப் பார்த்தால் ஒரு மரை நீளத்துக்கு லெவல் பிசகும்.

சைடு ஸ்டாண்டில் நிறுத்திப் பார்ப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. வண்டி இடப்பக்கம் சாயும். பெரும்பாலான வண்டிகளில் டிப்ஸ்டிக்கோ லெவல் பார்க்கும் கண்ணாடியோ வலப்பக்கம் இருக்கும். லெவல் குறைவாகத் தெரியும், நம் கை தானாக ஆயில் கேனைத் தேடும். இரண்டாவது தவறு மேனுவலில் உள்ள அளவைக் குழப்பிக்கொள்வது. அதில் பொதுவாக மூன்று அளவு இருக்கும்: ஆயில் மட்டும் மாற்றினால் ஒன்று, பில்டரும் மாற்றினால் ஒன்று, இன்ஜினை முழுவதும் பிரித்துப் பூட்டினால் ஒன்று. மூன்றாவதுதான் பெரிய எண். சாதாரண ஆயில் மாற்றத்துக்கு அதை ஊற்றினால் சில நூறு மி.லி. அதிகமாகிவிடும். கிராங்க் அந்த ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை பிரீதர் வழியாகக் கிளம்பும்.

குழாய் போகும் பாதை. பிரீதர் ஹோஸை இன்ஜினில் தொடங்கி ஏர் பாக்ஸ் (ஏர் பில்டர் இருக்கும் பெட்டி) வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். டேங்கின் அடியில் நசுங்கியிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா, நடுவில் தொங்கி ஆயில் தேங்கும் பள்ளம் விழுந்திருக்கிறதா? டேங்கைக் கழற்றிப் பூட்டிய எந்த வேலைக்குப் பிறகும் இதைப் பாருங்கள்.

வெள்ளைத் தாள் சோதனை. இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஹோஸை ஏர் பாக்ஸ் முனையில் கழற்றுங்கள். ஏர் பாக்ஸ் துளையை ரப்பர் மூடியாலோ டேப்பாலோ மூடுங்கள். துணி வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஹோஸ் வாயிலிருந்து பத்து செ.மீ. தள்ளி ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, ஐடிலில் முப்பது விநாடி ஓடவிடுங்கள். பிறகு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டி இன்னொரு முப்பது விநாடி.

- தாள் லேசாக ஈரம் தட்டியிருந்தால் சாதாரணம்.
- பொடிப் பொடியாகப் புள்ளி விழுந்தால் ஆயில் அளவில், அல்லது பிரிப்பானில் (ஆவியிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் அறை) கோளாறு.
- துளியாகத் தெறித்தால் ஆயில் அதிகம், அல்லது பிரிப்பானின் வடிகால் அடைத்திருக்கிறது.
- துளி இல்லாமல் நீலப் புகை மட்டும் விடாமல் ஊதினால் ரிங், போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்), கேஸ்கெட் பக்கம் போக வேண்டும்.

ஒற்றைச் சிலிண்டரில் காற்று 'புக் புக்' என்று விட்டு விட்டு வருவது இயல்பு. இடைவெளியே இல்லாமல் ஒரே திசையில் ஊதுவதுதான் கவலைக்குரியது.

## அறிகுறி: ஏர் பாக்ஸின் அடியில் உள்ள வடிகுழாயில் ஆயில் சேருகிறது

பல வண்டிகளில் ஏர் பாக்ஸின் அடியில் மூடி போட்ட ஒரு சிறு குழாய் தொங்கும். அதில் ஆயிலும் நீரும் சேர்வதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சர்வீஸிலும், மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி, கழற்றி வடித்துவிட்டால் போதும்.

ஒரு சர்வீஸ் இடைவெளிக்குள் குழாய் நிறைந்துவிட்டதா? ஆயில் லெவலைப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், ஊற்றும் துளை வழியாக மெல்லிய குழாய் மாட்டிய சிரிஞ்சை விட்டு 50 மி.லி. 50 மி.லி.யாக உறிஞ்சி எடுங்கள். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். குழாயை வடித்துவிட்டு 300 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் வேலை முடிந்தது.

லெவல் சரியாக இருந்தும் நிறைகிறதா? எப்படி ஓட்டப்படுகிறது என்று கேளுங்கள். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக உயர் ஆர்பிஎம்மில் போனால் ஆவி அதிகம் வரும். சின்ன முன் ஸ்ப்ராக்கெட் போட்ட வண்டிகளில் அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்றுகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். நகருக்குள் மெதுவாக ஓட்டியும் நிறைந்தால் பிரிப்பான் அறையைப் பார்க்க வேண்டும். அது ‘சீல்கள் கசிகின்றன’ என்ற பகுதியில் வருகிறது.

## அறிகுறி: ஏர் பில்டர் ஆயிலில் ஊறியிருக்கிறது

சில பேப்பர் பில்டர்கள் கம்பெனியிலிருந்தே ஆயில் பூசி வருபவை. முழுப் பரப்பிலும் ஒரே சீராகப் பிசுபிசுப்பு இருந்தால் அது அந்த வகை, கை வைக்காதீர்கள். பிரீதர் ஆயில் அப்படி இருக்காது. குழாய் வந்து சேரும் பக்கத்திலோ அடியிலோ கருப்பாகத் தொடங்கி மேலே பரவியிருக்கும்.

ஊறிய பேப்பர் பில்டரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. பெட்ரோலில் அலசுவதோ காற்றடித்து உலர்த்துவதோ வேண்டாம், தாள் கிழிந்து தூசி உள்ளே போகும். ஸ்பாஞ்ச் பில்டர் என்றால் மண்ணெண்ணெயில் கசக்கி, பிறகு சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பின் பில்டர் ஆயில் தடவிப் பூட்டலாம்.

பில்டரை மாற்றுவதோடு நிறுத்தாமல் ஒன்றைப் பாருங்கள். பிரீதர் குழாய் பில்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் சேர்கிறதா? அப்படியானால் அடைத்துப்போன பில்டரே குற்றவாளியாக இருக்கக்கூடும். காற்று கிடைக்காத இன்ஜின் ஏர் பாக்ஸில் உறிஞ்சும் விசையைக் கூட்டி, கிராங்க்கேஸிலிருந்து ஆயில் ஆவியை இழுக்கிறது. புது பில்டர் போட்டதும் தானாகக் குறையும். இந்த அமைப்பில் ஆயில் த்ராட்டில் பாடிக்கும் போயிருக்கும். ஐடில் ஏறி இறங்கினால் கிளீனரைத் துணியில் நனைத்து, பட்டாம்பூச்சி வால்வின் விளிம்பைத் துடைத்துவிடுங்கள். வால்வை விரலால் அழுத்தித் திறக்காதீர்கள்.

## அறிகுறி: குழாயிலும் ஆயில் மூடியிலும் வெண்மஞ்சள் களிம்பு

களிம்பு மூடியிலும் குழாயிலும் மட்டும் இருக்கிறது, டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருக்கிறது என்றால் இது வியர்த்த ஈரம். தினமும் இரண்டு மூன்று கி.மீ. மட்டும் ஓடும் வண்டிகளில் இன்ஜின் முழுச்சூடு அடைவதில்லை. உள்ளே உருவாகும் நீராவி வெளியேறாமல் ஆயிலோடு கலந்து வெண்ணெய் போலத் திரள்கிறது. குழாயைக் கழற்றித் துடையுங்கள். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறையுங்கள். கடுங்குளிர் உள்ள இடங்களில் இந்தக் களிம்பு குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துவிடும் என்பதால் அங்கே இதைத் தள்ளிப்போட முடியாது.

டிப்ஸ்டிக்கிலேயே, அல்லது லெவல் கண்ணாடியில், ஆயில் முழுவதும் பால் கலந்த காபி நிறமாக இருக்கிறதா? இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். வெள்ளத்தில் ஓட்டியிருந்தாலோ தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியிருந்தாலோ ஆயிலையும் பில்டரையும் மாற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மீண்டும் ஒருமுறை மாற்றுங்கள். கூலன்ட் உள்ள வண்டியில் கூலன்ட் அளவு குறைந்திருந்தால் வாட்டர் பம்ப் சீலோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கிறது. அங்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஏர் கூல்டு இன்ஜினில் கூலன்ட்டே இல்லை, ஆகவே களிம்பைப் பார்த்து ஹெட்டை இறக்கச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

## அறிகுறி: ஊற்றாமலே ஆயில் லெவல் ஏறுகிறது, பிரீதரில் பெட்ரோல் வாசனை

இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கவனியுங்கள். ஆயிலில் பெட்ரோல் கலந்தால் லெவல் ஏறும், ஆயில் தண்ணீர் போல ஓடும், பேரிங்குகளில் படலம் நிற்காது. பிரீதர் வழியாக வருவதும் தீப்பற்றும் ஆவி. டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் தெரிந்துவிடும்.

கார்புரேட்டர் வண்டியா? பெட்ரோல் டேப்பை மூடுங்கள். ஃப்ளோட் நீடில் வால்வின் கூம்பு முனையில் வளையம் போலத் தேய்மானம் இருந்தால் மாற்றுங்கள். நீடில் அமரும் இடத்தில் குப்பை இருக்கிறதா, ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்து கனத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வாக்யூம் டேப் என்றால் அதன் டயாபிரம் கிழிந்து, வாக்யூம் குழாய் வழியாகவே பெட்ரோல் இறங்கக்கூடும். குழாயைக் கழற்றிப் பாருங்கள், ஈரமாக இருக்கவே கூடாது.

இன்ஜெக்ஷன் வண்டியில் குறுந்தூர ஓட்டமே காரணம் என்றால் நீண்ட ஓட்டத்தில் சரியாகும். அப்படியும் ஏறினால் இன்ஜெக்டர் சொட்டுகிறது. அதைச் சோதிக்க அழுத்தமானியும் ஸ்கேனரும் உள்ளவரிடம் கொடுங்கள்.

எதுவானாலும் வரிசை இதுதான்: கசிவை நிறுத்துவது, பழைய ஆயிலையும் பில்டரையும் மாற்றுவது, அதன் பிறகே ஸ்டார்ட் செய்வது. ஆயிலை மட்டும் மாற்றினால் ஒரே இரவில் மீண்டும் கலந்துவிடும்.

## அறிகுறி: சீல்கள் கசிகின்றன, டிப்ஸ்டிக் துள்ளுகிறது, பிரீதரில் ஒன்றுமே வரவில்லை

பிரீதர் சுத்தமாக இருக்கிறதே என்று மகிழ வேண்டாம், அது அடைத்திருக்கிறது. ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட் சீல், கியர் ஷாஃப்ட் சீல், மேக்னெட் பக்க கிராங்க் சீல், ஹெட் கவர் கேஸ்கெட் ஆகியவற்றில் பலவீனமானது முதலில் வழிவிடும். அடைப்பை எடுக்காமல் சீலை மட்டும் மாற்றுபவர்களால்தான் ஒரே வண்டி மூன்று முறை அதே கசிவோடு திரும்பி வருகிறது.

எளிய சோதனை: ஹோஸை இன்ஜின் முனையில் கழற்றி, அந்தத் துவாரத்தில் வேறொரு குழாயை மாட்டி, ஒரு திறந்த பாட்டிலுக்குள் விடுங்கள். பாட்டிலை டயருக்கும் சைலன்சருக்கும் எட்டாமல் கட்டி, சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள்.

கசிவு நின்றால் அடைப்பு ஹோஸிலோ ஏர் பாக்ஸ் முனையிலோ இருக்கிறது. ஹோஸைக் கழற்றி ஊதுங்கள், தடையே இருக்கக்கூடாது. நடுவில் ஒருவழி வால்வு இருந்தால் இன்ஜினிலிருந்து வெளியே போகும் திசையில் மட்டும் காற்று போக வேண்டும். இரண்டு பக்கமும் போனால் அதற்குள் இருக்கும் மெல்லிய தகடு (ரீடு) உடைந்திருக்கிறது. எந்தப் பக்கமும் போகாவிட்டால் கோந்து பிடித்திருக்கிறது. திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், இன்ஜின் வேலைக்குப் பிறகு இது நிறைய நடக்கும். பழைய வண்டிகளில் குழாய் முனையில் வாத்து மூக்கு போன்ற ரப்பர் வால்வு இருக்கும். அது இறுகிப்போனால் திறக்காது, கிழிந்தால் மூடாது. இரண்டுக்கும் மாற்றுவதே மருந்து.

கசிவு நிற்கவில்லை என்றால் பிரிப்பான் அறைக்கு வாருங்கள். ஹெட் கவரிலோ கிராங்க்கேஸின் மேல்பகுதியிலோ தகடு போட்டு மூடிய சிறு அறை இது. ஆவி அதற்குள் வளைந்து வளைந்து போகும்போது ஆயில் தகட்டில் ஒட்டி, அடியிலுள்ள சிறு துளை வழியாக இன்ஜினுக்கே திரும்பும். அந்தத் துளை அடைத்தால் சேர்ந்த ஆயிலை அடுத்து வரும் காற்று அள்ளிக்கொண்டு போகும். லெவல் சரியாக இருந்தும் துளித் துளியாகத் தெறிக்கும் வண்டிகளில் முதல் சந்தேகம் இதன் மேல்தான். அடைப்பது பெரும்பாலும் கரிய கசடு, இல்லையென்றால் முன்பு யாரோ அளவுக்கு மீறித் தடவிய கேஸ்கெட் பேஸ்ட். தகட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்து, மெல்லிய கம்பியால் துளையைத் திறந்துவிடுங்கள். பூட்டும்போது பேஸ்ட்டை ஒரு மெல்லிய கோடாக மட்டும் போடுங்கள். தகட்டின் ஸ்குரூக்களுக்கு நடுத்தர வலிமையுள்ள மரைப் பசை கட்டாயம். ஒன்று கழன்று கேம் மேல் விழுந்தால் ஹெட்டே போய்விடும்.

## அறிகுறி: லெவல் சரி, பாதை சரி, ஆனால் விடாமல் ஊதுகிறது

இப்போதுதான் இன்ஜினுக்குள் பார்க்கும் நேரம்.

அண்மையில் போர் செய்த இன்ஜினா? ரிங் அமரும் வரை கொஞ்சம் அதிகமாக ஊதும். 1,000 கி.மீ. தாண்டியும் குறையவில்லை என்றால் ரிங் தலைகீழாகப் போடப்பட்டிருக்கலாம், ரிங் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது போர் பளபளத்து ரிங் பிடிக்காமல் போயிருக்கலாம். வேலை செய்தவரிடமே திரும்பக் கொண்டுபோங்கள்.

பழைய இன்ஜினா? முதலில் ஆயிலை மாற்றிப் பாருங்கள். தேய்ந்து நீர்த்த ஆயில் எளிதில் ஆவியாகும். ஈரக் கிளட்ச் உள்ள வண்டிக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 குறியுள்ள, மேனுவல் சொன்ன கிரேடையே ஊற்றுங்கள். 10டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் ஊதுவது சில நாள் குறைந்தது போலத் தெரியும், நோய் அப்படியே இருக்கும்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. சூடான இன்ஜின், முழு ஆக்சிலரேட்டர், முள் ஏறி நிற்கும் வரை சுற்றுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, பிளக் துளையில் சுமார் 5 மி.லி. ஆயில் விட்டு மீண்டும் பாருங்கள்.

- எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர்.
- ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.
- தானியங்கி டிகம்ப்ரஷன் (ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைத் தானாகக் குறைக்கும் அமைப்பு) உள்ள கேம் என்றால் எண் எப்போதும் குறைவாகவே காட்டும். அதை வைத்து முடிவெடுக்காமல் லீக்-டவுன் சோதனைக்குப் போங்கள்.

லீக்-டவுனில் பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, எங்கே சீறுகிறது என்று கேட்க வேண்டும். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் பாக்ஸில் கேட்டால் இன்லெட் வால்வு, ஆயில் ஊற்றும் துளையில் கேட்டால் கிராங்க்கேஸுக்குள் போகிறது. காற்றைக் கொடுத்ததும் கிராங்க் திடீரென்று சுழலக்கூடும், ஸ்பேனரை அதில் மாட்டியபடி விட்டுவைக்காதீர்கள், முகத்தையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல இன்ஜின். 20 சதவீதத்தைத் தாண்டி ஆயில் துளையில் சீறினால் பிரிக்க வேண்டியதுதான்.

இதில் பலர் தவறவிடும் ஓரிடம் உண்டு. ஹெட் கேஸ்கெட் வெளிப்பக்கம் ஊதாமல், கேம் செயின் போகும் பொந்துப் பக்கம் ஊதினாலும் வாயு நேராக கிராங்க்கேஸுக்குத்தான் வரும். அப்போதும் ஆயில் துளையில்தான் சீறும். ஆனால் பிளக் துளையில் ஆயில் விட்டும் கம்ப்ரஷன் ஏறியிருக்காது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் போரைத் தொடாமல் கேஸ்கெட்டையும் ஹெட்டின் சமதளத்தையும் பாருங்கள். நல்ல போரை வீணாக வெட்டுவது இப்படித்தான் நடக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு கைடு மிகவும் தேய்ந்தாலும் புகைவாயு ஹெட் வழியாக உள்ளே வரும், ஆனால் அது அரிது.

ஹெட்டைக் கழற்றும் கட்டத்தில் நிறுத்துங்கள். போரின் தேய்மானத்தை போர் கேஜ் வைத்துப் பல ஆழங்களிலும், ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு திசைகளிலும் அளக்க வேண்டும். ரிங் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்த்து மேனுவலின் எல்லையோடு ஒப்பிட வேண்டும். அந்தக் கருவி இல்லாதவர் கண்ணால் பார்த்து ரீபோர் என்று சொன்னால், கருவி உள்ள இன்னொருவரிடம் கேளுங்கள். வடித்த ஆயிலில் உலோகத் தூள் மின்னினாலோ கீழிருந்து தட்டும் சத்தம் வந்தாலோ ஓட்டிப்போகாமல் ஏற்றிக்கொண்டு போங்கள்.

## அறிகுறி: பல நாள் நின்ற பிறகு முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கக்குகிறது

தனி ஆயில் டேங்க் உள்ள டிரை சம்ப் இன்ஜின்களின் வழக்கம் இது. நிற்கும்போது ஆயில் பம்ப் வழியாக மெல்ல கிராங்க்கேஸுக்கு இறங்கிவிடுகிறது, ஸ்டார்ட் செய்ததும் பிரீதரால் வெளியேறுகிறது. டேங்கில் லெவல் குறைவாக இருக்கிறதே என்று அப்போது ஆயில் ஊற்றினால் இன்னும் மோசமாகும். கிராங்க்கேஸ் வடிகால் போல்ட்டைத் திறந்து இறங்கியதை வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓட்டிச் சூடான பிறகே டேங்க் லெவலைப் பாருங்கள். ஓரிரவிலேயே இறங்கினால் பம்ப் பக்கத்துக் குண்டு வால்வின் ஸ்பிரிங்கையும் குண்டு அமரும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

## அறிகுறி: வண்டி விழுந்து எழுந்த பிறகு புகை

சாய்ந்து கிடந்த நேரத்தில் ஆயில் பிரீதர் வழியாக ஏர் பாக்ஸுக்குள் போயிருக்கும். உடனே ஸ்டார்ட் செய்யாமல் வடிகுழாயைத் திறந்து வடித்து, பில்டரைப் பார்த்து, ஆயில் லெவலைச் சரிசெய்யுங்கள். பிளக்கைக் கழற்றி இரண்டு மூன்று முறை கிக் செய்தால் சிலிண்டருக்குள் போனதும் வெளியே வந்துவிடும்.

## அறிகுறி: பின் டயரிலோ பிரேக்கிலோ ஆயில்

ஓட்டாதீர்கள். ஏர் பாக்ஸ் இணைப்பை எடுத்துவிட்டு, குழாய் முனையில் சின்ன பில்டர் மாட்டிய வண்டிகளில்தான் இது அதிகம். அந்த பில்டர் ஆவியைப் பிடிப்பதில்லை, ஊறி நிறைந்து சொட்டுகிறது. டயரைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், பெட்ரோல் கூடாது. டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடையுங்கள். பேடில் ஆயில் ஊறியிருந்தால் மாற்றிவிடுங்கள். பிறகு குழாயை ஏர் பாக்ஸுக்கே திருப்புங்கள்.

## கேட்ச் கேன் மாட்டுவதென்றால்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும், தொடர்ந்து உயர் வேகத்தில் ஓடுவதால் ஏர் பாக்ஸில் ஆயில் சேருகிறது என்றால் கேட்ச் கேன் (பிரீதர் ஆவியில் வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் டப்பா) நியாயமானது. ஊதும் இன்ஜினின் குறையை மறைக்க மாட்டாதீர்கள்.

- 250 முதல் 500 மி.லி. கொள்ளளவு தெருவில் ஓட்டப் போதும்.
- ஹோஸின் உள்விட்டம் பழைய ஹோஸைவிடக் குறையவே கூடாது. நடுவில் பெட்ரோல் பில்டரைச் செருகுபவர்கள் உண்டு, அது நெரிக்கும்.
- ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஹோஸ் வாங்குங்கள். சாதாரண சிலிக்கான் ஹோஸ் ஆயிலில் ஊறி உப்பும், கண்ணாடி போன்ற பிவிசி குழாய் சூட்டில் இறுகி வெடிக்கும்.
- கேன் இன்ஜின் வாயைவிட உயரத்தில் இருக்கட்டும். ஹோஸ் ஒரே சாய்வில் ஏற வேண்டும், அப்போது குழாயில் குளிர்ந்த ஆயில் இன்ஜினுக்கே திரும்பும்.
- கேனுக்குள் தடுப்புத் தகடோ துருப்பிடிக்காத கம்பி வலையோ இல்லையென்றால் ஆவி வந்த வழியே போய்விடும். பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்பு நார் வேண்டாம், இழை உதிர்ந்து இன்ஜினுக்குள் போகும்.
- வெளியேறும் வாயை ஏர் பாக்ஸுக்கே இணையுங்கள். வெளியே திறந்துவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் புறம்பாகும், நாற்றமும் அடிக்கும்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை கேனைத் திறந்து, எவ்வளவு சேர்ந்தது என்று கி.மீ. கணக்கோடு எழுதிவையுங்கள். அந்த அளவு திடீரென்று இரட்டிப்பானால் ‘விடாமல் ஊதுகிறது’ பகுதிக்குத் திரும்பிப் போங்கள். கேனில் சேர்வதில் நீரும் பெட்ரோலும் அமிலமும் கலந்திருக்கும். பார்க்க ஆயில் போல இருந்தாலும் இன்ஜினில் திருப்பி ஊற்றாமல் கழிவு ஆயிலோடு சேர்த்துவிடுங்கள்.